சாக்குக்கும் தண்ணிக்கும் இரண்டு கிலோ

என்னை ஒருமுறை தராசில் தொங்கவிட்டு நிறுத்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே தொங்கவிட்டார்கள். பல்லேகலவில் நான் வேலை செய்யும் ஃபைபர் பட்டறையின் ஸ்டோருக்குள், கூரை மரத்தில் வட்ட முகமுள்ள தராசு ஒன்று மாட்டியிருந்தது. அதன் கொக்கியில் ஒரு படங்குத் துணியைத் தொட்டில் போலக் கட்டி, ஏறி உட்காரு என்றார்கள். தலையிலிருந்து கால்வரை நனைத்து, மேலே லைஃப் ஜாக்கெட்டும் மாட்டிவிட்டு, அப்படியே ஈரத்தோடு நிறுக்க வேண்டுமாம். மோல்டிங் பகுதிப் பெண்கள் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். “அடியேய், தோட்டத்து மடுவத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மாதிரியே இருக்குடி!” என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. தராசின் முள் இருந்தது என் முதுகுப் பக்கம். ஸ்டோர் மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்: “அம்பத்திரெண்டு.” கதிரையில் இருந்த இஞ்சினியர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, “ஓம், சரி. இவதான் ஆள்” என்றார். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துக்குக்கூட என்னை யாரும் தெரிவு செய்ததில்லை. முதல்முறையாக ஒருவர் தெரிவு செய்தார், அதுவும் முகத்துக்காகவும் இல்லை, மூளைக்காகவும் இல்லை, பாரம் குறைவு என்பதற்காக.

இஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர். படகு வடிவமைக்கப் படித்தவர். தண்ணீர்த் தாங்கியும் குளியல்தொட்டியும் தோணியும் வார்க்கிற எங்கள் பட்டறைக்கு அவர் வந்ததே அதிசயம். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று எங்கள் முதலாளியிடம் ஒரு சின்னப் பாய்ப்படகைச் செய்துகாட்டச் சொன்னது. ஒருவர் மட்டும் போகிற படகு. அதில் விசேஷம் என்னவென்றால், காற்றுப் பிடித்து வேகம் எடுத்ததும் அது தண்ணீரை விட்டு மேலே எழும்ப வேண்டும். அடியில் இரண்டு கால்கள் இறங்கும், நடுவில் ஒன்று, பின்னால் சுக்கானில் ஒன்று. ஒவ்வொரு காலின் நுனியிலும் குறுக்காக ஒரு சிறகு. செட்டை என்பார் அவர். ஆகாய விமானத்தின் இறக்கை காற்றில் செய்கிற வேலையை அந்தச் செட்டைகள் தண்ணீருக்குள் செய்யும். படகின் மூக்கிலிருந்து மெல்லிய குச்சி ஒன்று தண்ணீரைத் தொட்டபடி தொங்கும். படகு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அது தடவிப் பார்த்து, ஒரு கம்பி வழியாக நடுச் செட்டையின் மடலை ஏற்றி இறக்கும். நாங்கள் அதற்கு மீசை என்று பேர் வைத்தோம். மீசையை ஒரு விரற்கடை கூட்டினாலும் குறைத்தாலும் படகின் குணமே மாறிவிடும்.

இவ்வளவையும் கணக்குப் போட்டுச் செய்த மனிதர் அதில் ஏற முடியாது. அவர் எண்பத்துநான்கு கிலோ. எங்கள் தண்ணீரில் அடிக்கிற காற்றுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு அந்தப் படகு எழும்பவே எழும்பாது. ராத்திரி பகலாக ஆசைப்பட்டவருக்கு அதில் இடமில்லை. நீந்தக்கூடத் தெரியாத எனக்கு இடமிருந்தது. அநியாயம் என்று எனக்கே தோன்றியது.

ஸ்டோர் மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டறைக்கு வருமுன் முப்பது வருஷம் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் அம்மா கொழுந்து பறித்த அதே மலை. நான் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த காலத்தில் அவரைக் கண்டால் பிள்ளைகள் வழியை விட்டு ஒதுங்குவோம். இங்கே ஒரே கூரையின் கீழ் வேலை செய்யத் தொடங்கியபின் மாமா ஆகிவிட்டார். நல்ல மனுஷர். அவருடைய எழுத்து அச்செழுத்து மாதிரி இருக்கும். படகின் உடல், பாய்மரமும் பாயும், செட்டைகள், கயிறும் கப்பியும், பிறகு நான், இப்படி ஐந்து தடவை நிறுத்து, ஐந்தையும் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டு இஞ்சினியரிடம் கொடுத்தார். அதை வாசித்துவிட்டு இஞ்சினியர் நேரே எங்கள் மோல்டிங் பகுதிக்கு வந்தார். “நான் நினைச்சதை விட நல்லா இலேசா வந்திருக்கு. கெட்டிக்காரர் நீங்கள்” என்றார். துணியும் பிசினும் அளவாகப் பூசியதற்கு அந்தப் பாராட்டு. நாங்கள் ஒரு வாரம் அந்தப் பெருமையில் மிதந்தோம்.

ஆடிக் காற்று மத்தியானத்துக்குப் பிறகுதான் மலை இடுக்கு வழியாக விக்டோரியா நீர்த்தேக்கத்தில் வந்து இறங்கும். தினமும் பன்னிரண்டு மணிக்குப் படகை லொறியில் ஏற்றிக்கொண்டு திகனவுக்குப் போவோம். அங்கே பஜாரில் பழக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், எங்களுக்கு நானா, மோட்டார் பூட்டிய தன் தோணியோடு காத்திருப்பார். நான் படகில், இஞ்சினியரும் நானாவும் தோணியில் எனக்குப் பின்னால். நான் விழுந்தால் தூக்குவதற்கு. எத்தனை தரம் விழுந்தேன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் வற்றுகிற மாசம் என்பதால் நானாவுக்கு ஒரே பயம். “தங்கச்சி, அந்தப் பக்கம் திருப்பாதீங்க! அடியில பழைய தெல்தெனியட கடைச் செவரு ஈக்குது. உங்கட செட்டை போய் எங்கட மூத்தாப்பாட கடைலதான் மோதும்!” என்று கத்துவார். அணை கட்டியபோது மூழ்கிப்போன அந்த டவுனில் தாத்தாவின் கடை மட்டுமில்லை, கடைத்தெரு முழுக்க அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தகப்பனிடம் கேட்டுப் படித்ததாம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நான் கரையேறியதும் இஞ்சினியர் கேள்வி கேட்பார். மாரா மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, ஒன்றில் என்னை உட்காரவைத்து, பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, கொப்பியைத் திறப்பார். நான் ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருப்பேன். “எழும்ப முதல் பாரம் எங்க தெரிஞ்சது? முழங்காலிலயோ, இடுப்பிலயோ?” என்பார். “சுக்கான் கையில நடுங்கினதோ, இழுத்ததோ? இழுத்தது எண்டால், ஆடு கயித்தை இழுக்கிற மாதிரியோ, பிள்ளை சட்டையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரியோ?” முதல் நாள் “எனக்குச் சொல்லத் தெரியாதுங்க சார்” என்றேன். “தெரிஞ்ச மாதிரிச் சொல்லுங்கோ. நான் விளங்கிக்கொள்ளுவன்” என்றார்.

தெரிந்த மாதிரிச் சொல்லத் தொடங்கினேன். படகு தண்ணீரில் ஓடும்போது அடியில் சடசடவென்று ஒரு இரைச்சல் இருக்கும், லயத்துத் தகரத்தில் மழை அடிக்கிற மாதிரி. மூக்கு கொஞ்சம் எழும்பும்போது அது குறையும், பிறகு படகு படுத்ததும் கூடும். “மழை விட்டு விட்டுப் பெய்யுதுங்க சார்” என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்து, நான் சொன்னதை அப்படியே எழுதினார். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, மூன்று தரம், வலப்பக்கம் சாய்ந்தபோது. பிறகு, “எவ்வளவு நேரம் விட்டது? ஒரு மூச்சோ, ரெண்டு மூச்சோ?” என்று கேட்டார். இருபத்தொன்பது வயதுவரை என்னிடம் யாரும் இப்படி ஒன்றும் கேட்டதில்லை. வீட்டில் சோறாகிவிட்டதா என்று கேட்பார்கள். வேலையில் முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள். உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டு, நான் யோசித்து முடியும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சுற்றி வளைப்பானேன், நான் அவரை விரும்பினேன். சொல்லியாகிவிட்டது, இனி மிச்சத்தை எழுதலாம்.

படகு எழும்பவில்லை. மூக்கு ஒரு முழம் ஏறும், உடனே களைத்த மாடு மாதிரித் தொப்பென்று தண்ணீரில் படுத்துவிடும். இஞ்சினியர் ஒரு நாளைக்கு ஒன்றுதான் மாற்றுவார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடுமாம். ஒரு நாள் மீசையைக் குறைத்தார். ஒரு நாள் பாய்மரத்தை ஒரு துளை பின்னுக்குச் சாய்த்தார். ஒரு நாள் சுக்கான் செட்டையின் ஊசியைக் கழற்றி, ஒரு கடுதாசித் துண்டை மடித்து அணை கொடுத்து, மயிரிழை அளவு கோணம் ஏற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாரா மரத்தடியில் இருபது கேள்விகள். எழும்பாத நாட்களில் கேள்விகள் இன்னும் நீண்டன. நானா மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கி வந்து நீட்டிவிட்டு, “இன்னம் முடியல்லையா உங்கட விசாரண?” என்று கிண்டல் பண்ணுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. லொறியில் பாயை ஏற்றிக்கொண்டிருந்தோம். “வாற வியாழன் அந்தக் கம்பனிக்காரர் வருகினம்” என்றார் இஞ்சினியர். “படகு எழும்பினால் ஓடர் வரும். என்னையும் தங்கட இடத்துக்குக் கூப்பிடுகினம். ரெண்டு மாசத்தில வெளிக்கிட வேணும்.”

“எழும்பாட்டி சார்?”

“எழும்பாட்டி என்ன, இன்னும் ரெண்டு வருஷம் தண்ணித் தாங்கிதான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது. அவருக்கு இது படிப்புக்கும் வயதுக்கும் கிடைத்த ஒரே வாசல் என்று அப்போதே எனக்கு விளங்கியது.

அன்றைக்குப் பதினொரு மணிபோலப் பிசினில் கலக்கிற வெள்ளைத் தூள் வாங்க ஸ்டோருக்குப் போனேன். மாமா மூட்டையைக் கொக்கியில் மாட்டினார். நான் இந்த முறை முள்ளுக்கு நேரே நின்றேன். அது இருபத்தேழில் நின்றது. “இருவத்தஞ்சு” என்று சொல்லி எழுதினார்.

“மாமா, முள்ளு இருவத்தேழுல நிக்குதே?”

“அதான் இருவத்தஞ்சுன்னேன்.”

“ரெண்டு எங்க போச்சு?”

“சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கழிக்கணும்ல புள்ள” என்றார், பச்சைப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. எலும்பாய்க் காய்ந்த தூளில் தண்ணீர் ஏது? நான் சிரித்துவிட்டேன். ஹந்தானையில் நாளுக்கு மூன்று நிறுவை, மூன்று நிறுவையிலும் கூடைக்கும் ஈரக் கொழுந்துக்கும் என்று இரண்டிரண்டு கிலோ பிடிப்பார்கள். அம்மா மடுவத்திலிருந்து வரும்போது அந்த ஆறு கிலோவையும் திட்டிக்கொண்டே வருவா. முப்பது வருஷம் கழித்த கை, தோட்டத்தை விட்டு வந்தபிறகும் தன்பாட்டில் கழித்துக்கொண்டிருந்தது. அவர் களவு செய்யவில்லை, அவருக்கு அது தெரியவே தெரியாது. சிரித்துக்கொண்டே திரும்பியவள் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டேன். படகையும் இவர்தானே நிறுத்தார். ஐந்து தடவை. ஐயிரண்டு பத்து.

இஞ்சினியர் இரண்டு சோடி செட்டைகள் வார்த்திருந்தார், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மொத்தப் பாரம் ஒரு அளவுக்குள் வந்தால் சின்னச் சோடி, மிஞ்சினால் பெரியது என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே கோடு போட்டு எழுதியிருந்தார். மாமாவின் துண்டை நம்பிச் சின்னச் சோடியைப் பூட்டியிருந்தார். பெரிய சோடி அதே ஸ்டோரில், என் கண்ணுக்கு முன்னால், சாக்கால் சுற்றி மூலையில் சாத்திக் கிடந்தது. படகில் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. பத்துக் கிலோ பொய்யாகக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் பகுதிக்குக் கிடைத்த பாராட்டும் அதோடு போயிற்று. நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மாமாவின் வேலை போய்விடுமே என்றுதான் பேசாமல் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். படகு எழும்பாவிட்டால் அவர் இரண்டு வருஷம் இருப்பார். அவ்வளவுதான் என் கணக்கு. அன்று மத்தியானம் வழக்கம்போலப் போனேன், வழக்கம்போலப் படகு படுத்தது, வழக்கம்போல மரத்தடியில் பதில் சொன்னேன். கேட்டதற்கெல்லாம் உண்மைதான் சொன்னேன். பாரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. சனியும் அப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய், பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று, எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். என்ன சொல்வது? சாமி, நான் பத்துக் கிலோவை ஒளித்து வைத்திருக்கிறேன் என்றா?

திங்கட்கிழமை அவர் கேட்ட கேள்விகள் முடியவே இல்லை. நானா தோணியைக் கட்டிவிட்டுத் தொழுகைக்குப் போய் வந்துவிட்டார், நாங்கள் அப்படியே இருந்தோம். இடையில் பேனாவை மூடிவிட்டு, “ஒருக்கா எண்டாலும் நான் அதில இருந்து பாக்க வேணும் எண்டு ஆசை” என்றார். “அது நடவாது. அதாலதான் உங்களைப் போட்டு இந்தப் பாடு படுத்துறன். கோவிக்காதேங்கோ.” கோபமா? அந்த நாள் முடியக் கூடாது என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகியிருந்தது. எனக்கு அதைவிடச் சந்தோஷமான ஒரு நாள் அதன் பிறகு வந்ததில்லை. வெட்கம் கெட்டுத்தான் எழுதுகிறேன்.

செவ்வாய் காலை முதலாளியின் அறைப் பக்கமாகப் போனேன். கதவு திறந்திருந்தது. “ஓட்டுற பொண்ணு சரியில்லையோ? வேற யாரையும் போட்டுப் பாப்பமா?” என்று முதலாளி கேட்பது கேட்டது. இஞ்சினியர் சட்டென்று, “இல்லை, இல்லை. அவ சரி. அவ சொல்லுறது ஒவ்வொண்டும் சரி. பிழை என்னிலதான். என்ர படிப்பிலதான் எங்கயோ பிழை” என்றார். அவ சொல்லுறது ஒவ்வொண்டும் சரி! திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை நம்பி, தன் படிப்பையே சந்தேகப்படுகிறாரே அந்த மனுஷன்.

அவர் வெளியே வந்ததும் சொன்னேன். படகுக்குப் பக்கத்தில் நின்று, “சார், பாரம் பிழைங்க” என்றேன். உடனே கொப்பியைத் திறந்தார். மாமா இரண்டு கழிப்பதை, ஐந்து தடவை நிறுத்ததை, பத்துக் கிலோவை, எல்லாம் சொன்னேன். மடமடவென்று எழுதிக்கொண்டே வந்தார். முகத்தில் வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. “கடவுளே, இவ்வளவுதானோ!” என்றார். பிறகு, எப்போதும் கேட்கிற மாதிரி, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “இது எப்ப கண்டனீங்கள்?”

“வெள்ளிக்கிழம சார்.”

பேனா கொப்பியில் நின்றது. அந்தப் பதிலை மட்டும் அவர் எழுதவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று அவர் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் லொறிக்குப் பக்கத்தில் என்ன சொன்னார் என்பது ஞாபகம் வந்திருக்கும். அவருக்கு விளங்காமல் போகாது, ஆடு இழுப்பதற்கும் பிள்ளை இழுப்பதற்கும் வித்தியாசம் தெரிந்தவர். ஏன் என்று கேட்பார் என்று நின்றேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றும் முடிவு பண்ணிவிட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். “சரி” என்றார் மெதுவாக. “பெரிய செட்டையை எடுப்பம்.”

முதலாளியிடம் அவர் மாமாவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் சொல்லவில்லை. ஸ்டோருக்குப் போய், “ஐயா, எல்லாத்தையும் ஒருக்கா திருப்பி நிறுப்பம். முள்ளு காட்டுறதை மட்டும் அப்பிடியே வாசியுங்கோ” என்றார். மாமா படகின் உடலை மாட்டி, முள்ளைப் பார்த்து, வாயைத் திறந்து, பழையபடி இரண்டு குறைத்துச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். “அட ஏங்க, வாயி தானா கழிக்குதுங்களே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். இஞ்சினியர் அவரைச் சமாதானப்படுத்தி, முள்ளை என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என்னைத் தொங்கவிட்டபோது மட்டும் அவரே வாசித்தார், ஐம்பத்துநான்கு. பத்தும் சரியாக வந்தது. புதன் முழுக்கப் பெரிய செட்டைகளைத் தேய்த்துப் பூட்டினோம். அவர் வேலையைப் பற்றி மட்டும் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார்.

வியாழன் மத்தியானம் நல்ல காற்று. கரையில் கதிரைகள் போட்டு, முதலாளி, தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், நானாவின் கடைப் பழத்தட்டு என்று எல்லாம் தயாராக இருந்தன. இஞ்சினியரும் நானாவும் வழக்கம்போலத் தோணியில் எனக்குப் பின்னால். நான் பாயை இறுக்கினேன். படகு ஓடியது, தகரத்து மழை சடசடத்தது, மூக்கு ஏறியது. வழக்கமாகப் படுக்கிற அந்த இடம் வந்தது. படுக்கவில்லை. மழை நின்றது. அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தண்ணீர் கீழே இருக்கிறது, நான் மேலே இருக்கிறேன், இடையில் ஒன்றுமில்லை. அம்மா, ஆண்டவரே, மாதாவே என்று என்னவெல்லாமோ வாய் சொல்லியது. அணைக்கட்டுப் பக்கம் வரை போய்த் திரும்பி வந்தேன். நானா தோணியில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கி “அல்லாஹு அக்பர்!” என்று கத்தியதில் தோணி கவிழப் பார்த்தது.

கரைக்கு வந்தேன். இஞ்சினியர் தோணியிலிருந்து முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி வந்து படகின் மூக்கைப் பிடித்தார். கண் சிவந்திருந்தது. “நல்லது. மெத்த நல்லது” என்றார். அதற்குள் வெள்ளைக்காரர் வந்து அவர் தோளில் தட்டி, எழும்பும்போது எப்படி இருக்கும் என்று அவரைத்தான் கேட்டார். அந்தளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும். ஒரு நாள்கூட அதில் ஏறாத மனிதர் கால் மணித்தியாலம் சொன்னார். தகரக் கூரையில் மழை நிற்பது, களைத்த மாடு படுப்பது, முழங்காலிலிருந்து பாரம் இடுப்புக்கு ஏறுவது. ஒன்று விடாமல் நான் சொன்னதுதான். வெள்ளைக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் துவாயைப் போர்த்திக்கொண்டு மாரா மரத்தடிக்குப் போனேன். பெட்டி இரண்டும் போட்டபடி கிடந்தன. உட்கார்ந்து காத்திருந்தேன். அவர் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? பிழை இருந்தால்தானே கேள்வி. சட்டை உடம்பிலேயே காய்ந்துவிட்டது.

சொன்ன மாதிரி இரண்டு மாசத்தில் போனார். மோல்டிங் பகுதிக்கு வந்து ஒவ்வொருவரிடமும் விடைபெற்றார். என்னிடம் வந்தபோது, “நீங்கள் இல்லாட்டி இது எழும்பியிராது” என்றார். “போயிட்டு வாங்க சார்” என்றேன். “ஓம், வாறன்” என்றார். போகும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கொஞ்ச நாள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். முதல் வருஷம் நத்தாருக்கு வாழ்த்து வந்தது. பிறகு பட்டறைக்காரர் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப்பில் அவருடைய கல்யாணப் படம் வந்தது. எல்லாரும் பூ அனுப்பினார்கள். நானும் ஒரு பூ அனுப்பினேன்.

ஏழு வருஷமாகிறது. அந்தப் படகை இப்போது வரிசையாக வார்த்து அனுப்புகிறோம். ஒவ்வொன்றையும் திகனவில் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நான்தான். கல்யாணம் பண்ணவில்லை, அதற்கு அவர் காரணமில்லை, அப்படியே தள்ளிப்போய்விட்டது. அப்படித்தான் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இப்போதைய இஞ்சினியர் பிள்ளைகள் பாய்மரத்தடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி பூட்டுகிறார்கள். வேகம், உயரம், சாய்வு எல்லாம் அது எழுதிவிடுகிறது. நான் கரைக்கு வருமுன்னே அத்தனையும் அவர்கள் கையிலிருக்கிற திரையில் வந்துவிடும். “ஓகே அக்கா, சூப்பர்” என்பார்கள். நல்ல பிள்ளைகள், ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் தலையைத் துவட்டிக்கொண்டே, அந்த வியாழக்கிழமை அவர் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிப்பேன். பதில் எப்போதோ தயாராகிவிட்டது. சார், மேலே எழும்பினதும் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். உங்கள் தோணியால் என்னைப் பிடிக்க முடியவில்லை. நீங்கள் சின்னதாகிக்கொண்டே போனீர்கள். பாயைத் தளர்த்தினால் படகு இறங்கிவிடும், நீங்கள் கிட்ட வந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கயிறு என் கையில்தான் இருந்தது சார். நான் இன்னும் இறுக்கினேன்.